ஈரக் கூளம்

கையோடு சாட்சியைக் கொண்டுபோனால்தான் நம்புவார்கள் என்று, கோழிக் கொட்டகைத் தரையில் எச்சத்தோடு ஊறிக் கிடந்த ஈரக் கூளத்தைப் பண்ணைக்காரர் ஒரு பையில் அள்ளி வந்தது நல்ல யோசனைதான். அதைத் தீவன ஆலை அலுவலகத்தின் மேசைமேல் ஓங்கி வைத்ததுதான் தப்பு. பை வெடித்தது. கணினி, தொலைபேசி, விற்பனை அதிகாரியின் சலவைச் சட்டை எல்லாவற்றுக்கும் பங்கு கிடைத்தது. அவர் மீசைக்கும் கொஞ்சம். காட்டுக் கத்தல் கத்த வந்த பண்ணைக்காரர், முதல் வார்த்தையாக “மன்னிச்சிருங்க” என்று சொல்ல வேண்டியதாயிற்று. அந்த எரிச்சல் வேறு சேர்ந்துகொண்டது.

“என்ன மாப்ள இது?” என்றார் ஆலை முதலாளி. பண்ணைக்காரருடைய மனைவியின் அண்ணன்.

“உங்க தீவனம்தான் மச்சான். போன வழி தெரியாம அப்படியே திரும்பி வந்திருக்கு.”

விற்பனை அதிகாரி மீசையைத் துடைத்துக்கொண்டார். “தண்ணிக் குழாய் ஒழுகுதா பாருங்க சார்.”

“ஒழுகல.”

“கூளத்தைக் கிளறி விடணும்.”

“கிளறிக் கிளறி என் இடுப்புதான் கழண்டுபோச்சு.”

“நோய் ஏதாச்சும்...”

“டாக்டர் கோழியை அறுத்தே பாத்துட்டாரு. நோய் இல்லையாம். குடல்ல கோதுமை பசை மாதிரி அப்பிக்கிட்டு இருக்குதாம், அதான் எச்சம் தண்ணியாப் போகுதாம். மக்காச்சோளத்தைக் குறைச்சுக் கோதுமையைக் கொட்டினீங்கல்ல, அந்தப் பசையை உடைக்கிற என்சைம் போட்டீங்களா இல்லையா?”

“எங்க தரக் கொள்கைப்படி...”

“யோவ்! போட்டீங்களா, இல்லையா?”

வீட்டில் மனைவி முன்பே தீர்ப்பு எழுதிவிட்டிருந்தாள். “எங்கண்ணன் தீவனத்துல ஒண்ணும் இருக்காது. நீங்க ஷெட்டுல பாட்டு கேட்டுக்கிட்டு உக்காந்திருப்பீங்க.” அவர் பாட்டு கேட்டது உண்மைதான். அதனாலேயே கோபம் அதிகமாக வந்தது. ஈரத்தில் நின்று நின்று கோழிகளுக்கு உள்ளங்கால் வெந்து புண்ணாகிவிட்டது. அன்று காலையில்கூட, நிற்க முடியாததுகளைத் தூக்கிக் காய்ந்த மூலையில் விட்டுவிட்டு, ஆள் யாரும் இல்லையே என்று பார்த்துக்கொண்டு, ஒவ்வொன்றிடமும் “தப்பா நெனச்சுக்காத தாயி” என்றார். கறிக்குப் போகிற கோழிதான். அதற்காக, இருக்கிறவரை புண்காலோடா நிற்க வேண்டும்?

“மச்சான், எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். தீவனமா, நானா? நான்தான்னா சொல்லுங்க, ஷெட்டை இழுத்து மூடிட்டுப் போயிடுறேன். இந்த மழுப்பல் மட்டும் வேணாம். சொந்தக்காரன்கிற பாவத்துக்காவது நேரா ஒரு வார்த்தை சொல்லுங்க!”

விற்பனை அதிகாரி மறுபடி வாயைத் திறந்தார். முதலாளி அவரைப் பார்த்து, “நீ போய்ச் சட்டையக் கழுவு” என்றார்.

அவர் போனபின் முதலாளி தன் நாற்காலியைப் பண்ணைக்காரர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“தீவனம்தான் மாப்ள. என்சைம் போட்டோம். போட்டு வேகவெச்சுட்டோம். குச்சித் தீவனம் உடைஞ்சு தூளாகுதுன்னு நீங்க எல்லாரும் சண்டை போட்டீங்க, கெட்டியாகட்டும்னு நான்தான் ஆவிச் சூட்டை ஏத்தச் சொன்னேன். அந்தச் சூட்டுல என்சைம் செத்துப்போகும்னு மிஷின்காரன் அப்பவே சொன்னான். தெரிஞ்சேதான் அனுப்பினேன். உங்கமேல தப்பே இல்ல. இன்னிக்கே அந்தத் தீவனத்தை நிறுத்துங்க. தங்கச்சிகிட்ட நானே வந்து சொல்றேன்.”