பலகை காட்டிய திசை

கீர்த்தனா போன் பண்ணியபோது நான் வேப்பமர நிழலில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தேன். "தாத்தா, காத்து மாறிடுச்சு, பலகையத் திருப்பிடுங்க" என்றாள். "திருப்பிட்டேம்மா" என்றேன். திருப்பவில்லை. போனை மடியில் போட்டுக்கொண்டு பச்சைமிளகாயைக் கடித்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்லலாம் என்று வைத்தால் சொல்லமாட்டேன், என்னை எனக்குத் தெரியும்.

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகிற வழியில் விமானம் ஓட்டக் கற்றுத்தருகிற பள்ளிக்கூடம் ஒன்று இருக்கிறது. நாலு சின்ன விமானம், ஒரு ஓடுபாதை, ரேடியோவில் பேச ஒரு ஏசி ரூம், அதில் கீர்த்தனா. ஒன்பது வருஷமாக எனக்கு அங்கே வேலை. ஓடுபாதையில் மாடு ஏறாமல் பார்ப்பது, நாயைத் துரத்துவது, மார்கழி தையில் வேடந்தாங்கல் பக்கம் போகிற கொக்கு நாரைகளை வெடி போட்டுக் கலைப்பது, அப்புறம் அந்தப் பலகை. இங்கிலீஷ் டி எழுத்து மாதிரி வெள்ளை அடித்த பெரிய மரச்சட்டம் அது. ஓடுபாதைக்குப் பக்கத்தில் புல்லின் மேல், ஒரு அச்சில் படுத்துக் கிடக்கும். அதன் தலைச்சட்டம் காற்று வருகிற பக்கம் இருக்க வேண்டும். ரேடியோ கெட்டுப்போனால், மேலே இருப்பவர்கள் அதைப் பார்த்துத்தான் எந்தப் பக்கமாக இறங்குவது என்று முடிவு பண்ணுவார்கள்.

எனக்குக் காற்று மீட்டரில் நம்பிக்கை கிடையாது. ஏசி ரூமில் உட்கார்ந்து காற்றைப் பற்றிப் பேசுகிறவர்களிடமும் கிடையாது. பிறத்தியார் களத்தில் நெல் தூற்றி வளர்ந்தவன் நான். கோடையில் காலை முழுக்க மேற்கேயிருந்து மேல்காற்று. மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் கடல்காற்று ஒரு வீச்சு வரும், நின்றுவிடும், மறுபடி மேல்காற்றே தலைகாட்டும். முதல் வீச்சுக்கே திரும்பி நின்றால் பதரெல்லாம் நெல்லில் விழும், களத்துக்காரன் வாயில் அம்மாவைப் பற்றி வசவு வரும். அதனால் இரண்டாவது வீச்சு வந்து சட்டை முதுகில் ஒட்டினால்தான் திரும்புவோம். கீர்த்தனா போன் பண்ணும்போதெல்லாம் "திருப்பிட்டேன்" என்று சொல்லிவிட்டு இரண்டாவது வீச்சுக்காகக் காத்திருப்பேன். ஒன்பது வருஷமும் அப்படித்தான். ஒருத்தருக்கும் தெரியாது. அதில் எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது.

அன்றைக்கு ஜெஸ்ஸி தனியாக மாமல்லபுரம் கடற்கரை வரை பறந்துவிட்டுத் திரும்பி வர வேண்டும், அதுதான் பாடம். ஜெஸ்ஸி ஜான்சன் மகள். ஜான்சன் எனக்குத் தம்பி முறை, சின்னப் பிள்ளையில் என் பின்னாலேயே களத்தில் முறம் தூக்கிவந்தவன். எலக்ட்ரிசியன் படித்துக் கல்பாக்கத்தில் வேலைக்குப் போய்ச் சேர்ந்தான். எங்கள் சர்ச்சில் ஜெஸ்ஸிக்காகத் தனியாக ஒரு ஜெபம் உண்டு. எங்கள் சனத்தில் ஒரு பெண் விமானம் ஓட்டப்போகிறாள் என்று பாஸ்டர் சொன்னபோது, அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் நான் வேலை செய்கிறேன் என்று நாலு பேரிடம் நானே போய்ச் சொன்னேன்.

சோற்றில் பாதி இருக்கும்போது கடல் பக்கமிருந்து அவள் விமானம் வருவதைப் பார்த்தேன். தாழ்ந்து, நேராக, மேற்கு நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. அதே நேரம் பறக்கக் கற்றுத்தருகிற ராகவன் சார் ஒரு பையனோடு மேற்கிலிருந்து இறங்கி, தரையைத் தொட்டதும் மறுபடி எழும்பிக் கிழக்கே ஏறினார். அதுவும் ஒரு பாடம். ஏறுகிற விமானத்தின் மூக்கு வானத்தைப் பார்த்திருக்கும், எதிரில் இருப்பது தெரியாது. கீர்த்தனா சொன்ன காற்றுக்கு ராகவன் சார் போனது சரி. என் பலகை காட்டிய பக்கத்துக்கு ஜெஸ்ஸி வந்ததும் சரி. கையைத் தூக்கி ஆட்டினேன், எச்சில் கையை. யார் பார்ப்பார்கள்?

ஜெஸ்ஸிதான் முதலில் திரும்பினாள். வலது பக்கமாக ஒரே சாய். இறக்கை செங்குத்தாக நின்றது. அடுத்த நொடி ராகவன் சாரும் எதிர்ப்பக்கம் சாய்ந்தார். இரண்டுக்கும் நடுவில் இரண்டு பனை உயரம் இருந்திருந்தால் அதிகம். இரண்டு சத்தமும் ஒன்றாகிப் பிறகு பிரிந்தன.

அவர்கள் சுற்றிவந்து இறங்குவதற்குள் நான் என்ன செய்தேன் தெரியுமா? ஓடினேன். அறுபத்தெட்டு வயதில் அப்படி ஓடமுடியும் என்று எனக்கே தெரியாது. ஓடிப்போய்ப் பலகையைக் கிழக்கே திருப்பினேன். பிறகு மரத்தடிக்கு வந்து கை கழுவினேன்.

ராகவன் சார் கத்துகிற ஆள் இல்லை. பலகையைப் போய்ப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பெரியவரே, இத எப்ப திருப்புனீங்க?"

"கீர்த்தனாம்மா சொன்ன ஒடனே, சார்."

ஜெஸ்ஸியின் உதடு வெளுத்திருந்தது. "இல்ல சார். ரேடியோ செத்துப்போச்சு. மேலேர்ந்து பாத்தேன், பலகை மேக்கால இருந்திச்சு. நல்லா பாத்தேன் சார்."

"கம்பத்துல காத்துப்பைய பாக்கலையா?"

"அது தொவண்டு கெடந்துச்சு சார். பலகையத்தான் நம்பினேன்." என் பக்கம் திரும்பினாள். "பெரிப்பா, நீ சொல்லேன்."

"ஒசரத்துல இருந்து பாத்தா அப்டி இப்டிதான் தெரியும்மா" என்றேன்.

அவள் ராகவன் சாரிடம் மெதுவாகச் சொன்னாள்: "பெரிப்பா பொய் சொல்ல மாட்டாரு சார். நான்தான் தப்பா பாத்துட்டேன் போல."

ரேடியோ கெட்டது நிஜம் என்று மெக்கானிக் எழுதிக்கொடுத்தார். பலகையைத் தப்பாகப் பார்த்தது ஜெஸ்ஸி என்று எழுதிக்கொண்டார்கள். விசாரணை முடிகிறவரை அவள் பறக்கக் கூடாது. திங்கட்கிழமை ஆபீசர்கள் வருவார்கள், அவர்கள் சொல்வதைப் பொறுத்துத்தான் அவள் இங்கே இருப்பதா போவதா என்று முடிவு. அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை என்று எழுதினால் அது பொய். இறங்கியது. வேளாவேளைக்குத் தின்றேன். அதை நினைத்தால்தான் இப்போதும் உடம்பு கூசுகிறது.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தில் பறத்தல் கிடையாது. சர்ச்சுக்குப் போகாமல் காவலுக்கு வந்து உட்கார்ந்திருந்தேன். மதியம் ஜெஸ்ஸி ஸ்கூட்டியில் வந்தாள்.

"இன்னா பெரிப்பா, கோயிலுக்கு வரல? அப்பா தேடுச்சு."

"முட்டி வலி. நீ இன்னா இங்க?"

"செங்கல்பட்டுல கண்ணு டாக்டராண்ட போய்ட்டு வந்தேன். கண்ணு நல்லாக்கீதாம்." சிரித்தாள். "அப்போ மண்டைலதான் ஏதோ கீது."

"அப்டிலாம் பேசாத."

"நெஜமாத்தான். கண்ண மூடுனா பலகை மேக்காலதான் தெரியுது. இல்லாதத பாக்குறவ எப்டி பெரிப்பா நாப்பது பேர ஏத்திக்கினு போறது? ஒரு ஒதவி பண்ணு. நான் டேங்க் மேல ஏறி நிக்கறேன். நீ பலகைய திருப்பித் திருப்பி வெய். நான் சொல்றேன்."

வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. அவள் தண்ணீர் டேங்க் ஏணியில் ஏறினாள், நான் புல்லில் இறங்கி நடந்தேன். கிழக்கே வைத்தேன். "கெழக்கால" என்று கத்தினாள். மேற்கே வைத்தேன். "மேக்கால." வைத்த இடத்திலேயே விட்டு, திருப்புவதுபோல் பாவனை பண்ணினேன். "திருப்பவே இல்லியே பெரிப்பா, ஏமாத்தறியா?" என்றாள். ஏழெட்டுத் தடவை. ஒரு தடவைகூடத் தப்பவில்லை. மூன்று உயிரைக் காத்த கண் அது. அதை அந்தப் பெண்ணே சந்தேகப்பட்டு வெயிலில் ஏறி நின்று சோதித்துக்கொண்டிருக்கிறாள், நான் சொன்ன ஒரு வார்த்தைக்காக.

பலகையை மறுபடி மேற்கே வைத்தேன். கையை எடுத்துவிட்டேன்.

"மேக்கால" என்றாள். பிறகு, "அன்னிக்கும் இப்டியேதான் இருந்துச்சு பெரிப்பா."

நான் திருப்பவில்லை. சத்தம் கேட்டோ என்னவோ, ராகவன் சார் குவார்ட்டர்ஸிலிருந்து லுங்கியோடு வெளியே வந்தார். "பெரியவரே, காத்து அங்கேர்ந்து வருது, பலகை இங்க பாக்குது. திருப்பி வைங்க" என்றார். அப்போதும் திருப்பவில்லை. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு புல்லில் இறங்கினார். ஜெஸ்ஸி ஏணியில் பாதி இறங்கி, கம்பியைப் பிடித்தபடி நின்றுவிட்டாள்.

யாரும் வந்து திருப்பிவிடாதபடி தலைச்சட்டத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். மேற்கே பார்த்தபடி. "ஜெஸ்ஸி பாத்தது சரி சார், அன்னிக்கு நான் திருப்பல" என்றேன். இரண்டாவது வீச்சு வந்து சட்டை முதுகில் ஒட்டியது.