அப்சார்ப்புக்கு ஒரு டம்ளர் காப்பி

என் வீட்டுக்காரர் ஆங்கிலம்–தமிழ் அகராதி எழுதுகிறவர். வேலை ஆபீசோடு நின்றால் பரவாயில்லை, சாப்பாட்டு மேஜை வரைக்கும் வரும். அந்த வாரம் அவரைப் பிடித்து ஆட்டியது ‘அப்சார்ப்’ என்ற வினைச்சொல். பஞ்சு தண்ணீரை இழுப்பதும் அதுதானாம், பெரிய கம்பெனி சின்னக் கம்பெனியை விழுங்குவதும் அதுதானாம், மனுஷன் ஒன்றில் அப்படியே மூழ்கிப்போவதும் அதுதானாம். கடைசி அர்த்தத்துக்கு இவர் படத்தையே ஒட்டிவிடலாம்.

இந்த லட்சணத்தில்தான் மகளுக்குப் பிடித்த பல் டாக்டர் முதன்முதலாக வீட்டுக்கு வருகிறார். அப்பா மனசாரச் சம்மதித்தால்தான் கல்யாணம் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள்.

“அப்பா தலையத் தூக்கி ரெண்டு வார்த்தை பேசுவாராம்மா?”

“பேசாம எங்க போவாரு? நானாச்சு” என்றேன். எனக்கே அதில் நம்பிக்கை இல்லை.

“இன்னொண்ணும்மா. வர்றவரு காப்பிய உறிஞ்சி சத்தமா குடிப்பாரு. கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கேன்.”

அடக் கடவுளே! எனக்கு அந்தச் சத்தம் ஆகவே ஆகாது. கல்யாணமான புதிதில் இவரிடமிருந்த அதே பழக்கத்தைத் திட்டித் திட்டியே ஒழித்தவள் நான்.

டாக்டர் வந்தார். “உட்காருங்க” என்ற ஒற்றை வார்த்தையோடு என் வீட்டுக்காரர் மறுபடி காகிதத்துக்குள் போய்விட்டார். நான் இருமினேன், கனைத்தேன், காலை மிதித்தேன். ம்ஹூம். மகளின் முகம் சுண்டிப்போய்விட்டது. பாவம், பதற்றத்தில் டாக்டர் எல்லாவற்றையும் மறந்து கொதிக்கிற காப்பியை வாயில் வைத்தார்.

“சொர்ர்ர்ப்!”

மகள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். இவர் பேனாவைக் கீழே வைத்தார்.

“என்ன பண்ணீங்க இப்ப?”

“சாரி சார், ரொம்ப சூடா...”

“சாரிய விடுங்க. இன்னொரு தடவை குடிங்க!”

டாக்டர் தயங்கித் தயங்கிக் குடித்தார். இவர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

“லத்தீன்ல ‘சோர்பேரே’ன்னா உறிஞ்சறது. அதுலேர்ந்துதான் அப்சார்ப் வந்துச்சு. அந்த வேரே உறிஞ்சற சத்தத்துல பொறந்திருக்கலாம்னு படிச்சேன், நம்பல. இப்ப என் காதாலயே கேட்டுட்டேனே!”

டாக்டருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. “பால் பல்லுக்கும் இப்படித்தான் சார். அதோட வேரை உடம்பே கொஞ்சம் கொஞ்சமா உறிஞ்சிடும். அதான் ஆடி விழுது.”

“வேரையேவா!” இவர் நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். அப்புறம் இருவரையும் பிரிக்க யாரால் முடியும்? பல்லும் சொல்லுமாக வெளியே இருட்டியதுகூடத் தெரியாமல் பேசினார்கள்.

“ஏம்மா,” என்று என்னைக் கூப்பிட்டார். “மாப்பிள்ளைக்கு இன்னொரு காப்பி கொண்டா. எனக்கும்தான்.”

மாப்பிள்ளை! மகள் ஓடிவந்து என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்றே தெரியவில்லை.

காப்பியைக் கையில் வாங்கிய என் வீட்டுக்காரர் என்னை ஓரக்கண்ணால் பார்த்தார்.

“குடிச்சுத் தொலைங்க” என்றேன்.

இரண்டு பேரும் சேர்ந்து உறிஞ்சிய சத்தம் சமையலறை வரை கேட்டது. நான் என் டம்ளரை எடுத்துக்கொண்டு யாரும் பார்க்கவில்லையே என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, ஒரே ஒரு வாய் உறிஞ்சினேன். நன்றாகத்தான் இருந்தது.