கால்வாயைப் பார்த்த கதவுகள்

“அயர்லாந்து மண்ணை மிதிக்காமலே அங்கை ஒரு ஊரைக் கட்டி முடிச்சுப்போட்டாள் என்ரை மருமகள்!” என்று மாமா பெனடிக்ற் நடைக்கூடத்தில் சிரித்தார்.

“சும்மா இருங்கோ அண்ணை, பிள்ளை பேசப்போறதைப் பாடமாக்குது,” என்றாள் தாய் மாக்கிரட். இருவரும் தாங்கள் வேலைசெய்யும் வீடுகளின் சிஞ்ஞோராக்களிடம், அந்த இத்தாலிய எசமானிகளிடம், அரைநாள் விடுப்புக் கேட்டு வந்திருந்தார்கள். பலேர்மோ நகரின் தமிழ்த் தேவாலயப் பங்கு ஆட்களில் பாதிப்பேர் மண்டபத்தின் பின்வரிசைகளை நிறைத்திருந்தார்கள். செலஸ்ரீனா நடுவர்முன் ஆய்வேட்டை விளக்கி முடித்தால் இன்றே பட்டம்.

அவளுடைய ஆய்வேடு ஓர் ஐரிஷ் சிற்றூரின் வளர்ச்சியைப் பற்றியது. அங்கே முதலில் கால்வாய் வந்தது. அரை நூற்றாண்டு கழித்து ரயில் பாதை. இரண்டுக்கும் நடுவே ஒரே வரிசையில் வீடுகள். அவை ரயிலை நோக்கி எழுந்தவை, ஆகவே ஊரை உருவாக்கியது ரயிலே என்பது அவள் வாதம்.

நடுவர்முன் அவள் காட்டிய மூன்றாவது படம், அந்த வீடுகளின் பழைய புகைப்படம், சுவரில் பெரிதாக விரிந்தது. மடிக்கணினியில் கறை என்று எண்ணியிருந்தது அங்கே கதவாயிற்று. அதன் கீழ்ப்பாதி சாத்தியிருந்தது. மேலே ஒரு பெண் சாய்ந்து நின்று, கால்வாயில் போகும் படகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வீட்டிலும் கதவு. அதற்கடுத்ததிலும்.

செலஸ்ரீனா படத்தை உற்றுப் பார்த்தாள். மன்னார்க் கரையில் அவள் பிறந்த வீடு கடலுக்கு முதுகுகாட்டி நின்றது. வலையும் மீன்கழிவும் தண்ணீர்ப் பக்கம், வாசல் தெருப்பக்கம். தண்ணீர்ப் பக்கம் என்றால் பின்பக்கம் என்ற நினைப்பிலேயே இந்த ஊரின் வரைபடத்தையும் படித்துவிட்டாள். ரயிற்பக்கத்தில் கடைகள் என்று அவள் எழுதியவை பன்றிக்கொட்டில்களாகத்தான் இருக்கும்.

“தொடருங்கள்,” என்றார் நடுவர் குழுத் தலைவர் புன்னகையோடு. எவரும் கவனித்திருக்கவில்லை. விரலை அசைத்தால் அடுத்த படம் வந்துவிடும்.

அவள் அசைக்கவில்லை.

“என் வாதம் தவறு,” என்று இத்தாலிய மொழியில் சொன்னாள். “வாசல்கள் கால்வாயைப் பார்க்கின்றன. ரயில் வருமுன்பே இந்த ஊர் இருந்திருக்கிறது.”

தலைவர் எழுந்து சுவரருகே போய்ப் பார்த்தார். திரும்பியபோது புன்னகை இல்லை. “குறைந்த புள்ளியோடு இன்றே முடிக்கலாம். அல்லது ஏட்டை மீளப் பெற்று, திருத்தி, இலையுதிர்காலத்தில் வரலாம். இப்போதே சொல்லுங்கள்.”

பின்வரிசையில் யாரோ விளங்காமல் கைதட்டத் தொடங்கி, நிறுத்தினார்.

“மீளப் பெறுகிறேன்.”

வெளியே மாக்கிரட் அவள் கையைப் பிடித்தாள். “பெயிலோ, பிள்ளை?”

“இல்லையம்மா. எழுதினது பிழை. திருத்திக்கொண்டு பிறகு வாறன்.”

“ஆர் கண்டுபிடிச்சது?”

“நான்தான்.”

“விசரி!” என்றார் மாமா. “வாயை மூடிக்கொண்டு நிண்டிருந்தால் இப்ப கேக் வெட்டியிருப்பம்!”

மாக்கிரட் கேக் பெட்டியைத் திறந்தாள். “கேக்கை வெட்டுவம், ஆக்கள் பசியோடை நிக்கினம். ஏன் பட்டம் இல்லையெண்டு மட்டும் அவையளுக்கு நீயே சொல்லு. எனக்குச் சொல்ல வராது.”

செலஸ்ரீனா கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். “ஒரு ஊரின்ரை முன்பக்கத்தைப் பின்பக்கமெண்டு எழுதிப்போட்டன்,” என்று தொடங்கினாள்.