மூன்று கிலோ குறைச்சல்

"மூணு கிலோ குறையுது சம்பந்தி!"

ஆமத்தூர் பெத்தணன் வீட்டுத் தொழுவத்தில் மாப்பிள்ளையின் அப்பா சிவபாண்டி கைபேசியைத் தூக்கிக் காட்டினார். செவலை மாடு வைக்கோலை மென்றுகொண்டிருந்தது.

சீர்வரிசைப் பட்டியலில் அதுதான் முதல். முந்நூற்றைம்பது கிலோ கறவை மாடு, ஒரு கிலோ குறையக் கூடாதாம். மாடு பெத்தணனுடையது அல்ல, அவர் மகள் கல்யாணப்பெண் கற்பகவல்லியுடையது. பட்டாசுக் கம்பெனியில் இரண்டு சீசன் மருந்து நெடியில் இருமி இருமிச் சம்பாதித்து வாங்கிய கன்று. அவள் நாக்கைச் சொடுக்கினால்தான் காலை எடுத்து வைக்கும். மாட்டைச் சீராகக் கேட்டவர்களும் சரி, தருவதாகச் சொன்ன அப்பாவும் சரி, அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சிவபாண்டி கைபேசியில் ஒரு கணக்குப் படித்திருந்தார். நெஞ்சுச் சுற்றளவை அங்குலத்தில் அளந்து அதாலேயே பெருக்கி, உடம்பின் நீளத்தாலும் பெருக்கி, முந்நூறால் வகுத்தால் எடை பவுண்டில் வரும். அதைக் கிலோவாக்க வேண்டியதுதான். முதலில் அவர் மாட்டின் வயிற்றைச் சுற்றி அளந்து, ஏறக்குறைய யானைக்கன்றின் எடை வந்ததும் வாயெல்லாம் பல்லாக நின்றார்.

"முன்னங்காலுக்குப் பின்னாடி நெஞ்சைச் சுத்தி அளக்கணும் மாமா" என்று கற்பகவல்லிதான் கெடுத்தாள். பெத்தணன் மகளை முறைத்தார்.

இப்போது சிவபாண்டிக்கு மனசு ஆறவில்லை. "ஏலே அழகு, இன்னொரு தரம் பிடிலே!"

தையல்காரர் டேப் அறுபது அங்குலம். செவலையின் நெஞ்சு அதற்கு அடங்கவில்லை. எட்டாத இடத்தை விரலால் பிடிக்க மாப்பிள்ளை அழகுராஜா முன்னங்காலோடு ஒட்டி நின்றான். செவலை மெதுவாகக் காலை மாற்றி, அவனுடைய புதுச் செருப்பின் மேல் வைத்தது.

"ஐயோ! காலு! காலு!"

பெத்தணன் வாலைப் பிடித்து இழுத்தார். சிவபாண்டி கொம்பைப் பிடித்துத் தள்ளினார். மாடு அசையவில்லை, அசைபோட்டது.

"ஏத்தா, நீ சொல்லேன், எடுக்கும்!" என்று பெத்தணன் கெஞ்சினார்.

"சொல்றேம்ப்பா. மாடு வேணாம்னு அவுக சொல்லட்டும்."

"வேணாம்! சத்தியமா மாடு வேணாம்!" என்று அழகுராஜா அலறினான்.

அவள் நாக்கைச் சொடுக்கினாள். செவலை காலை எடுத்துவிட்டது.

அழகுராஜா ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டிருக்கும்போதே சிவபாண்டி வேட்டியை உதறிக் கட்டினார். "அவன் சொல்லிட்டான். சரி, மாடு வேணாம் சம்பந்தி. அதுக்குப் பதிலா நல்ல பைக்கு ஒண்ணு..."

கற்பகவல்லி கீழே கிடந்த டேப்பை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். பிறகு செவலையின் கயிற்றை அவிழ்த்தாள்.

"பைக்குக்கு எங்கன அளக்கணும் மாமா? சொல்லுங்க, நானும் செவலையும் வாரோம்."

மறுபடி நாக்கைச் சொடுக்கினாள். செவலை அவரை நோக்கி ஓர் அடி வைத்தது. சிவபாண்டி குனிந்து தன் கால்களைப் பார்த்தார். அப்புறம் மகனைக்கூடக் கூப்பிடாமல் வாசலில் நின்ற காரைப் பார்த்து நடந்தார்.