நடுவயலில் புதைந்த மிஷின்

தனலட்சுமியின் வயலில் அறுப்பு மிஷின் புதைந்து இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. முக்கால்வாசி நெல் அறுபடாமல் நிற்க, மலைப்பக்கம் வானம் கறுத்துக்கொண்டே வந்தது. முற்றின கதிர் மழையில் சாய்ந்தால் அவ்வளவுதான். வருசத்துச் சாப்பாடும் விதைநெல்லும் சேற்றிலேயே முளைத்துவிடும்.

அவளுக்கு எரிச்சல் மழைமேல் இல்லை, கூடப்பிறந்ததுகள் மேல்தான். ஆழ்வார்குறிச்சிக்குக் கீழே அப்பா விட்டுப்போன வயலில் நடுப்பங்கு அவளுடையது. கிழக்கே அண்ணன் பூதத்தான், மேற்கே தம்பி மணிராஜ். வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் இருவரும் பேச்சை விட்டு நாலு வருசம். இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து உள்ள ஒரே ஆள் இவள்தான். இரண்டு பேரிடமும் டிராக்டர் இருந்தது. இரண்டு பேர் நெல்லும் இதே மிஷினுக்குத்தான் காத்திருந்தது.

முதலில் அண்ணன் வந்தான். கம்பி வடத்தை மிஷினில் மாட்டித் தன் பக்கம் இழுத்தான். ஒரு சாண் நகர்ந்தது. அதற்குமேல் டிராக்டர் சக்கரம் ஈர மண்ணில் வெறுமனே சுற்றியது. பிடிமானம் இல்லாத இடத்தில் எஞ்சினுக்கு எவ்வளவு பலம் இருந்து என்ன, சத்தம்தான் மிச்சம். அடுத்து தம்பி, தன் பக்கம் தரை காய்ந்திருக்கிறது என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டு, மறுபக்கம் மாட்டி மேற்கே இழுத்தான். கிழக்கே போன சாண் திரும்பி வந்தது.

மிஷின் ஓட்டும் நேசையா தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

"யக்கா, ரெண்டு டிராக்டரையும் ஒண்ணுக்கு முன்னால ஒண்ணா மாட்டி ஒரே பக்கமா இழுத்தா அஞ்சு நிமிசத்துல ஏறிரும். எந்தப் பக்கம்னாலும் சரிதான்."

தம்பி வடத்தைக் கழற்றவில்லை. அண்ணனுக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. தம்பி இழுக்கும்போதே அவனும் இழுத்தான். இரண்டு வடமும் விறைத்தன, இரண்டு டிராக்டரும் புகை கக்கின. மிஷின் எந்தப் பக்கமும் போகாமல், குலுங்கிக் குலுங்கி இருந்த இடத்திலேயே இன்னும் இறங்கியது. எரித்த டீசல் அத்தனையும் வீண்.

தனலட்சுமி சேற்றில் விழுந்தடித்து இந்த வரப்புக்கும் அந்த வரப்புக்குமாக ஓடிக் கெஞ்சினாள். அவன் வயலைப் பார்த்து நான் இழுக்கவா என்றான் அண்ணன். தம்பியும் அதையேதான் கேட்டான். ஓடி ஓடி மூச்சு வாங்கி நின்றபோதுதான் அவளுக்கு உறைத்தது. மிஷின் எந்தப் பக்கம் ஏறுகிறதோ அந்த வயல்தான் மழைக்கு முன்னால் அறுபடும். இவர்களில் ஒருத்தன்கூட இவளுக்காக இழுக்கவில்லை.

"எந்தப் பக்கம்னு நீயே சொல்லு, தனம். எனக்கா, அவனுக்கா?" என்றான் அண்ணன்.

"ஆமா, யக்கா. நீயே சொல்லு" என்றான் தம்பி.

நாலு வருசத்தில் இரண்டு பேரும் ஒத்துப்போன முதல் விஷயம் அது. அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக முட்டின. யார் பேரைச் சொன்னாலும் மற்றவன் வீட்டு வாசல் அடைபடும். சொல்லாவிட்டால் நெல் போகும். அவள் இரண்டு வரப்பையும் மாறி மாறிப் பார்க்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. மூன்று வயலிலும் சேர்ந்தாற்போல் அடித்துப் பெய்தது.

எஞ்சின் இரண்டும் உறுமிக்கொண்டிருந்தன, வடங்கள் தொய்ந்து கிடந்தன. அவள் முழங்கால் சேற்றில் நடந்துபோய் அண்ணன் வடத்தின் கொக்கியை மிஷினிலிருந்து கழற்றினாள். தம்பி வடத்தையும் கழற்றினாள். இரண்டு வடத்தையும் மிஷினை விட்டு விலக்கி இழுத்துப்போய், ஒரு கொக்கியை இன்னொரு கொக்கியில் மாட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

"இப்ப இழுங்க. நடுவுல நான் இல்ல."

இரண்டு பேரும் சீட்டில் உட்கார்ந்தபடி நனைந்தார்கள். யாரும் இழுக்கவில்லை. தனலட்சுமி பக்கத்தில் சாய்ந்துகிடந்த கதிரைக் கை கொள்ளுமட்டும் சேர்த்து அள்ளி நிமிர்த்திப் பார்த்தாள். அது நிற்கவில்லை.