உடுப்புக்கு ஞானத்தகப்பன்

மொரோலியோனில் தோன் ஃபிதென்சியோவைத் தெரியாதவர் இல்லை. உரியாங்கத்தோ போகிற சாலையில் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். ஊரில் பாதிச் சக்கரம் அவர் கைபட்டுத்தான் உருள்கிறது. அந்த மனிதர்தான், தன் கார்டிலிருந்து, விழா உடுப்பு தைத்து விற்கிற ஒத்திலியாவின் இணையக் கடைக்குப் போன பணம் எதற்கென்றே தனக்குத் தெரியாது என்று வங்கியில் புகார் கொடுத்திருந்தார்.

ஒத்திலியா அந்த மின்னஞ்சலை வெட்டுமேசைக்குப் பக்கத்தில் நின்றபடியே படித்தாள். படித்துவிட்டு இன்னொரு தடவை படித்தாள். கார்டின் உரிமையாளர் இந்தப் பரிவர்த்தனையை அறியவில்லை என்றிருந்தது. அறியவில்லையாம். போன மாதம்தான் விழாவில், அந்தப் பணத்துக்குத் தைத்த உடுப்பைப் போட்டிருந்த பெண்ணோடு வால்ட்ஸ் ஆடி, பாவாடை விளிம்பை இரண்டு தடவை மிதித்தார் மனிதர். எதிர் மேசையில் கர்னித்தாஸ் கறியைத் தின்றுகொண்டே அதைப் பார்த்தவள் இவள்.

"என்னக்கா, மூஞ்சி செத்துப்போச்சு?" என்றாள் தையல்காரி சாயோ, மெஷினை நிறுத்தாமலே.

"தோன் ஃபிதென்சியோ தகராறு போட்டிருக்காரு."

"யாரோட?"

"என்னோட. பேங்க்ல."

சாயோ மெஷினை நிறுத்தினாள். அவளுக்கும் தெரியும், இது சாதாரணத் தகராறு இல்லை. கார்டுப் பணத்தை வசூலித்துத் தருகிற நிறுவனம் ஏற்கெனவே எச்சரித்திருந்தது. இந்த வருடம் ஒருவன் திருட்டுக் கார்டில் உடுப்பு வாங்கினான். இன்னொரு வீட்டில், விழாவுக்கு முன்னாலேயே பெண் காதலனோடு ஓடிப்போக, உடுப்பே வந்து சேரவில்லை என்று அவள் அம்மா சத்தியம் செய்தாள். இரண்டிலும் ஒத்திலியா தோற்றாள். இன்னொன்றில் தோற்றால் கணக்கை மூடுவோம், அதில் கிடக்கிற பணத்தை அரை வருடம் முடக்கி வைப்போம் என்று நிறுவனம் எழுதியிருந்தது. டிசம்பர் விழாக்களுக்கான முன்பணம் முழுக்க அந்தக் கணக்கில்தான் கிடந்தது. துணி கடனுக்கு வந்து, வெட்டி, மேசைமேல் கிடந்தது. வாங்கினவர்கள் மோன்தெர்ரேயில், டாலஸில், ஃப்ரெஸ்னோவில் இருந்தார்கள். நோட்டை எடுத்துக்கொண்டு அவர்கள் வாசலுக்கு வரப் போவதில்லை. கார்டு போனால் கடை போச்சு.

இத்தனைக்கும் அவள் செய்தது ஊரில் எல்லோரும் செய்வதுதான். பெண்ணுக்குப் பதினைந்து வயது நிறைகிற விழாவைத் தகப்பன் தனியாக நடத்துவதில்லை. கேக்குக்கு ஒரு ஞானத்தகப்பன், கிரீடத்துக்கு ஒருவர், இசைக்கு ஒருவர் என்று ஆளுக்கொன்றாகத் தலையில் ஏற்றுக்கொள்வார்கள். உடுப்பு விலை கூடிப்போனால் அதை இரண்டு பேருக்குப் பிரித்துவிடுவதும் உண்டு. தோன் ஃபிதென்சியோவின் ஞானமகள் யாரெட்ஸியின் உடுப்புக்குப் பாதி அவர், மறுபாதி சிகாகோவில் இருக்கிற தாய்மாமன் கிரிஸ்பின். ஒரே உடுப்பு, இரண்டு கார்டு. வாங்கிக் கையெழுத்துப் போட்டது பெண்ணின் அம்மா சொகோர்ரோ. ஊருக்கு இது புரியும், வங்கிக்குப் புரியுமா?

புரியவில்லை. நிறுவனத்தின் உதவி எண்ணில் பேசிய பெண் தேன் ஒழுகப் பேசினாள்.

"கார்டு ஓனர் கையெழுத்துப் போட்டு வாங்கின ரசீது இருந்தா அப்லோட் பண்ணுங்க, மேடம்."

"அவரு எதுக்கும்மா வாங்குவாரு? அவருக்கு அது இடுப்புக்குமேலகூட ஏறாது. ஞானமகளுக்கு எடுத்துக் கொடுத்தது."

"அப்ப அவர் சம்மதிச்சதுக்கு ஆதாரம்?"

"குரல்ல சொல்லியிருக்காரு. என் போன்ல இருக்கு. 'போட்டுக்கோ ஒத்திலியா, என் ஞானமகளுக்குத்தானே'ன்னு."

"அந்தப் பக்கத்துல படம் மட்டும்தான் ஏறும், மேடம். குரல் ஏறாது. அவரே பேங்க்குக்குப் போன் பண்ணி வாபஸ் வாங்கிட்டா எல்லாருக்கும் நல்லது."

எல்லாருக்கும் நல்லதுதான். ஒத்திலியா சால்வையை எடுத்துப் போட்டுக்கொண்டு பஞ்சர் கடைக்கு நடந்தாள்.

தோன் ஃபிதென்சியோ ஒரு டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"தோன் ஃபிதென்சியோ, அந்த உடுப்புப் பணம் எதுக்குன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"உங்க வாயாலதானே சொன்னீங்க."

"நான் சொன்னேன். ஆனா ஊரு வேற சொல்லுதே. நீயும்தானே அன்னிக்கு மண்டபத்துல உக்காந்திருந்தே? மைக்குல என்ன படிச்சான்? 'உடுப்புக்கு ஞானத்தகப்பன், சிகாகோவிலிருந்து வந்திருக்கும் கிரிஸ்பின்.' எல்லாரும் கை தட்டினாங்க. நானும் தட்டினேன். அப்புறம் என்ன படிச்சான் தெரியுமா? 'மற்றும் நண்பர்கள்.'" டியூபை எடுத்து உதறினார். "நான் மற்றும். உடுப்புக்கு ஞானத்தகப்பன் அவன்னா, நான் எந்த உடுப்புக்குக் காசு கொடுத்தேன்? அதைத்தான் பேங்க்காரன்கிட்டக் கேட்டேன். தப்பா?"

ஒத்திலியாவுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. அவர் பொய் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. புதுச் சட்டை தைத்து, மனைவி மக்களோடு முன்வரிசையில் உட்கார்ந்து, தன் பெயருக்காகக் காத்திருந்த மனிதர். பணம் போன வலி அவருக்கு இல்லை.

"அது சொகோர்ரோ வீட்டுத் தப்பு. அடி எனக்கு விழுது, தோன் ஃபிதென்சியோ. என் கடையை மூடிருவாங்க."

அவர் முகம் கொஞ்சம் இளகியது. "உன்மேல எனக்கு என்ன கோவம்? என் பேரை மைக்குல சொல்லச் சொல்லு. அதே ஊரு கேக்கணும். அன்னிக்கே வாபஸ் வாங்கறேன்."

சொகோர்ரோவோ ஒரே பிடியாக மறுத்துவிட்டாள். ஒருவரையொருவர் 'கொமாத்ரே' என்று சம்பந்தி முறையில் கூப்பிடுகிற உறவு, இருந்தும் சோளமாவு பிசைந்த கையோடு வாசலுக்கு வந்து, உள்ளே கூப்பிடாமலே பேசினாள்.

"என் அண்ணன் பதினோரு வருஷம் கழிச்சு ஊருக்கு வந்தான், கொமாத்ரே. அவன் பேரைப் படிக்காம பஞ்சர்காரன் பேரையா படிக்கச் சொல்றே?"

"ரெண்டு பேரையும் படிச்சிருக்கலாமே."

"படிக்கிறவன் விட்டுட்டான். முடிஞ்சுபோன கல்யாணத்துக்கு இப்ப மேளம் அடிக்கச் சொல்றியா? ஃபிதென்சியோ குழந்தையாட்டம் பண்றாரு. நீயும் அதுக்கு ஆடறே."

"நான் ஆடலைன்னா என் கடை போயிரும், கொமாத்ரே."

"அண்ணன் காதுக்குப் போச்சுன்னா எனக்கு அண்ணன் போயிருவான்," என்று சொல்லிச் சொகோர்ரோ கதவைச் சாத்தினாள்.

ஒத்திலியா மறுபடி பஞ்சர் கடைக்குப் போனாள். அவள் மனதில் ஒரு யோசனை இருந்தது. சாவு அறிவிப்பு, மாவு மில் தள்ளுபடி, தொலைந்துபோன நாய் என்று எல்லாவற்றையும் தெருத்தெருவாகக் கத்திக்கொண்டு போகிற ஒலிபெருக்கிக் கார் ஒன்று ஊரில் உண்டு. அதில் அறிவிக்கலாம் என்றாள். தோன் ஃபிதென்சியோவின் கண் பளிச்சென்றது.

"'உடுப்புக்கு ஞானத்தகப்பன்மார், தோன் ஃபிதென்சியோவும் கிரிஸ்பினும்'னு போட்டுடலாமா?" என்று கேட்டாள்.

"வேணாம்."

"ஏன்?"

"அந்த 'உம்'தான் வேணாம்ங்கறேன். அவனைத் தனியாச் சொன்னாங்கல்ல? என்னையும் தனியாச் சொல்லு."

அவள் எவ்வளவோ மன்றாடிப் பார்த்தாள். மனிதர் அசையவில்லை. பதில் அனுப்ப நிறுவனம் கொடுத்த கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. காரில் கத்துகிறவன் தன் குரலுக்குத் தனியாகக் காசு கேட்டான். இருக்கிற நிலையில் அதையும் எங்கே கொடுப்பது? ஒத்திலியா தன் குரலிலேயே பதிவு செய்து கொடுத்தாள்.

மறுநாள் காலை ஊர் முழுக்க அவள் குரல் சுற்றியது. "நமது யாரெட்ஸியின் பதினைந்தாம் பிறந்தநாள் உடுப்பை எடுத்துக் கொடுத்த ஞானத்தகப்பன், மதிப்புக்குரிய தோன் ஃபிதென்சியோ சரகோசா அவர்கள். உடுப்பைத் தைத்துக் கொடுத்த ஒத்திலியா அவருக்கு நன்றி தெரிவிக்கிறாள்." சந்தையில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்கள். கார் பஞ்சர் கடையைத் தாண்டியபோது தோன் ஃபிதென்சியோ தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றாராம். சாயோதான் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்.

"பூசை பாக்கற மாதிரி நின்னாருக்கா. கண்ணுல தண்ணி. ரெண்டாவது ரவுண்டு எப்ப வரும்னு டிரைவர்கிட்டக் கேட்டாரு."

மனிதர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அன்றே வங்கிக்குப் பேசினார். சில நாளில் மின்னஞ்சல் வந்தது. கார்டு உரிமையாளர் தகராறைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஒத்திலியா நாற்காலியில் உட்கார்ந்து நன்றாக மூச்சு விட்டாள். சாயோ ஓடிப்போய் இனிப்பு ரொட்டி வாங்கி வந்தாள். இருவரும் மேசைமேல் துணியில் துகள் விழாமல் தள்ளி நின்று தின்றார்கள். டிசம்பர் பிழைத்தது என்று ஒத்திலியா நம்பினாள், பாவம்.

அடுத்த வாரம் அதே நிறுவனத்திடமிருந்து இன்னொரு மின்னஞ்சல் வந்தது. அதே உடுப்பு. ஆனால் இந்தத் தடவை கார்டு சிகாகோவினுடையது.

அவள் உடனே கிரிஸ்பினுக்குப் போன் போட்டாள். பின்னால் ஏதோ சமையலறைச் சத்தம் கேட்டது. அவர் மரியாதையாகத்தான் பேசினார்.

"வீடியோ வந்துச்சு, தோன்யா ஒத்திலியா. மச்சான் ஒருத்தன் அனுப்பினான். கார் போகுது, உங்க குரல் கேக்குது. உடுப்பு எடுத்துக் கொடுத்தது பஞ்சர்காரர்னு நீங்களே சொல்றீங்க. இங்க என்கூட வேலை பாக்கற நம்மூர்ப் பசங்க எல்லாரும் பாத்துட்டாங்க. பதினோரு வருஷம் கழிச்சு வந்து, இன்னொருத்தன் எடுத்த உடுப்புக்குக் கைதட்டு வாங்கிட்டுப் போனவன்னு கிண்டல் பண்றாங்க."

"ரெண்டு பேரும்தானே எடுத்தீங்க. அவரு பிடிவாதம் பிடிச்சாரு, எனக்கு வேற வழி தெரியல."

"இருக்கலாம். ஆனா ஊருக்குச் சொன்ன சொல்லு அதுதானே. நான் எடுக்காத உடுப்புக்கு நான் எதுக்குக் காசு கொடுக்கணும்?"

"உங்க தங்கச்சி மகள் போட்ட உடுப்பு, கிரிஸ்பின்."

"அதனாலதான் வலிக்குது," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

அந்த வீடியோவையும் அவர் தன் வங்கிக்கு அனுப்பியிருந்தார். அவருடைய வங்கியின் பக்கத்தில் குரல் ஏறியது, வீடியோ ஏறியது, எல்லாம் ஏறியது. முழுப் பணத்தையும் வேறொருவர் கொடுத்ததாக விற்பனையாளரே பகிரங்கமாக அறிவித்திருக்கிறார் என்று நிறுவனம் அவளுக்கு எழுதியது. ஒரே பொருளுக்கு இரண்டு கார்டில் பணம் எடுத்து, இரண்டு பேருமே தெரியாது என்று சொன்ன பிறகு இதற்குமேல் விசாரிக்க எதுவும் இல்லை. முதல் தகராறு வாபஸ் ஆனாலும் பதிவில் இருக்கும். கணக்கு மூடப்பட்டது. இருப்பு முடக்கப்பட்டது. தங்களோடு வணிகம் செய்ததற்கு நன்றி.

ஒத்திலியா தன்மேலேயே எரிச்சல்பட்டாள். அறிவிப்பில் ஒரு பெயரை விட்டதற்காக அடி வாங்கினவள், இன்னொரு பெயரை விட்டுவிட்டு அறிவித்தாள். அதுவும் சொந்தக் குரலில். தெரியாமல் செய்யவில்லை. போகிற ஒரே வழி அதுவாகத்தான் இருந்தது. அந்த வழியும் சுற்றிக்கொண்டு வந்து அவள் கழுத்திலேயே விழுந்தது.

சொகோர்ரோ வழியாகவோ யார் வழியாகவோ சேதி பஞ்சர் கடைக்கும் போய்விட்டது. அன்று பிற்பகல் தோன் ஃபிதென்சியோ புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஒத்திலியாவின் கடைக்கு வந்தார். முகத்தில் அப்படி ஒரு களை.

"அந்தச் சிகாகோக்காரன் பின்வாங்கிட்டானாமே."

"ஆமா."

"வாங்கட்டும். அவன் பாதியையும் நானே போட்டுக்கறேன். முழு உடுப்புக்கும் நான் ஞானத்தகப்பன்." சட்டைப் பையிலிருந்து கார்டை எடுத்து வெட்டின துணிமேல் வைத்தார். "இந்தா. போட்டுக்கோ."

ஒத்திலியா கார்டைப் பார்த்தாள். சாயோ தலையைக் குனிந்துகொண்டாள்.

"இதை வாங்க எனக்கு வழி இல்ல, தோன் ஃபிதென்சியோ. என் கணக்கை மூடிட்டாங்க. யார் கார்டும் இனி எங்கிட்டச் செல்லாது."

"யார் கார்டும் செல்லாதா, என் கார்டு செல்லாதா?"

"யாரோடதும்தான்."

"சிகாகோ கார்டு செல்லுச்சு. என்னோடதுன்னா மட்டும் கணக்கை மூடிருவாங்களா?" களை இறங்கி, அவர் கழுத்து சிவந்தது. "நான் தப்புப் பண்ணினேன், அதான் வாபஸ் வாங்கினேன்ல? இன்னும் என்ன மனசுல வச்சிருக்கே?"

"மனசுல ஒண்ணும் இல்லங்க. சத்தியமா."

"அப்ப வாங்கு."

மூலையில் கிடந்த முக்காலியை இழுத்துப் போட்டு, தொப்பியைத் தொடைமேல் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்தார். வாங்குகிறவரை போவதாக இல்லை என்பது அந்த உட்காரலிலேயே தெரிந்தது. போன் அடித்தது. மோன்தெர்ரேயிலிருந்து ஒரு பெண்ணின் அம்மா, மீதிப் பணம் கட்டப் போனால் பக்கம் திறக்கவே மாட்டேன் என்கிறதாம். பார்க்கிறேன் என்று சொல்லி வைத்தாள். உடனே மறுபடி அடித்தது, இந்தத் தடவை டாலஸ். ஒத்திலியாவுக்கு ஓவென்று கத்த வேண்டும்போல் இருந்தது, அந்த மனிதர் எதிரில் அதுவும் முடியவில்லை. சாயோவின் மெஷின் மட்டும், யாருக்கென்று தெரியாத ஒரு பாவாடை விளிம்பை மடித்துத் தைத்துக்கொண்டே போனது.

"நிதானமாப் பாத்துப் போடு," என்றார் தோன் ஃபிதென்சியோ. "எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."