இருபத்தெட்டு, வீச்சில் முப்பத்தாறு

கனடாவின் வடகோடியில், ரெசொலூட்டிலிருந்து கிரீஸ் ஃபியோர்டுக்கு முந்நூற்று எண்பது கிலோமீட்டர். சின்ன விமானத்தில் எண்பத்தைந்து நிமிடம். காற்று விட்டால்தான் அதுவும்.

அந்த ஏப்ரல் மதியம், மலையடியில் ஒண்டிக்கிடந்த கிரீஸ் ஃபியோர்ட் ஓடுபாதையின் ரேடியோ அறையில் லீத்தியா உட்கார்ந்திருந்தாள். அவள் தம்பி மனைவி மீகாவுக்கு ஏழாம் மாதத்திலேயே ரத்தப்போக்கு; ஊர் மருத்துவ நிலையத்தில் நர்ஸின் பொறுப்பில் கிடந்தாள். அவளைத் தெற்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ரெசொலூட்டிலிருந்து விமானம் கிளம்பியிருந்தது. தம்பி இமூசி குளிரங்கியைக்கூடக் கழற்றாமல் அவள் பின்னால் நின்றான்.

ரேடியோவில் விமானி டர்க்கின் குரல் வந்தது. "லீத்தியா, பக்கத்துல வந்துட்டேன். காத்து என்ன?"

காற்றுமானியின் முள் இருபத்தெட்டு நாட் வேகத்தில் துடித்தது. திடீர் வீச்சில் முப்பத்தாறைத் தொட்டது. ஓடுபாதைக்குக் குறுக்கே அடிக்கும் காற்று இருபதைத் தாண்டினால் டர்க் இறங்க மாட்டான்.

"இருபதுன்னு சொல்லுக்கா," என்றான் இமூசி. "எப்படியாவது இறக்கிருவான்."

"வாயை மூடுடா."

"அங்கே கிடக்கறது என் பொண்டாட்டிக்கா!"

இருபது. ஒரே ஒரு சொல். லீத்தியா பொத்தானை அழுத்தினாள்.

"இருபத்தெட்டு. வீச்சுல முப்பத்தாறு. முழுக்கக் குறுக்கே அடிக்குது."

டர்க் சொன்னான்: "இருபது நிமிஷம் சுத்தலாம். அதுக்கு மேல நின்னா திரும்பிப்போக எண்ணெய் பத்தாது. குறைஞ்சா சொல்லு."

நிமிடத்துக்கு ஒருமுறை படித்துச் சொன்னாள். ஒருதரம் இருபத்திரண்டுக்கு இறங்கியது. இமூசி மேசையைத் தட்டினான். மறுகணம் முப்பத்தெட்டு. இருபதாவது நிமிடம் விமானச் சத்தம் மேற்கே தேய்ந்துபோனது.

"கொன்னுட்டேக்கா," என்று சொல்லிவிட்டுக் கதவை அறைந்து போனான் இமூசி.

மீகாவிடம் ஓடத் துடித்தாள். ஆனால் காற்றைப் பார்த்துச் சொல்ல வேறு ஆளில்லை, நாற்காலியை விட முடியாது. போனில் நர்ஸிடம் கேட்டாள். "தாங்கறா. ரொம்ப நேரம் தாங்க மாட்டா," என்றாள் நர்ஸ்.

விமானம் திரும்பிப்போக எண்பத்தைந்து நிமிடம். எண்ணெய் நிரப்ப அரை மணி. அதற்குள் காற்று பத்தொன்பதுக்கு வந்திருந்தது.

"கிளம்பறேன்," என்றான் டர்க். "நான் வர்றதுக்குள்ள மறுபடி ஏறிட்டா?"

"ஏறினா ஏறினதைத்தான் சொல்லுவேன்."

அடுத்த எண்பத்தைந்து நிமிடமும் அவள் முள்ளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பதினேழில் விமானம் தரையைத் தொட்டது. சறுக்குவண்டியில் மீகாவைக் கொண்டுவந்தார்கள், முகம் சாம்பலாயிருந்தது. இமூசி அக்காவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஏறிப் போனான்.

ஐந்தாம் நாள் ஒட்டாவா ஆஸ்பத்திரியிலிருந்து இமூசியின் போன்.

"பொண்ணுக்கா. ஒன்றரைக் கிலோகூட இல்லை. கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்காங்க. கத்தறா பாரு, காது கிழியுது."

"மீகா?"

"எழுந்து உக்காந்துட்டா. அன்னிக்கு இறங்கியிருந்தா பாறையிலதான் மோதியிருப்பேன்னான் டர்க். அக்கா... கோபமா?"

"இருக்குடா. ரொம்பவே இருக்கு."

"சரி, இருக்கட்டும். நாங்க வரும்போது கடல்நாய்க் கறி எடுத்து வை. இங்கே தினமும் கோழிதான்."